பந்தய நோட்டு போடுவது எப்படி

பென்னாகரம் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் என் செல்போன் சர்வீஸ் கடை. கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு, பக்கத்திலேயே டீக்கடை. ஊரில் வேலை இருப்பவர்களும் இல்லாதவர்களும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்வார்கள். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் பேட்டரி போய்விடுமா, டவர் வந்த பிறகுதான் குருவி காணாமல் போனதா, கேமில் நடுராத்திரிக்கு மேல் ஆடினால்தான் ரேர் வாள் விழுமா என்று காலை பத்து மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். ஒருநாள் பவர் பேங்க் விஷயத்தில் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய், இரண்டு பேரும் என் கண்ணாடி ஷோகேஸ் மேல் சாயப் பார்த்தார்கள். அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் ‘பந்தயம்’ என்று எழுதி, பெஞ்சுக் காலில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஷோகேஸ் பத்திரமாக இருக்கிறது. உங்கள் கடையிலோ வீட்டிலோ ஹாஸ்டலிலோ இதே தொல்லை இருந்தால் எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்.

முதலில் சண்டையை ஒரே வரியில் எழுத வைக்க வேண்டும். கேட்க எளிது, செய்ய வைப்பதற்குள் டீ ஆறிவிடும். ‘சார்ஜரைச் சும்மா மாட்டி வச்சா கரண்ட் பில் ஏறும்’ என்று எங்கள் புளிமண்டி மாமா சொன்னார். இதை அப்படியே எழுதக் கூடாது. எவ்வளவு ஏறும் என்று கேட்க வேண்டும். ‘நிறைய ஏறும்டா’ என்பார். நிறைய என்றால்? நாலு தடவை கேட்ட பிறகு, ‘வீட்டுல மூணு சார்ஜர் இருக்கு, மாசம் அம்பது ரூபா போகும்’ என்றார். இதை எழுதலாம். இதில் எண்ணும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. பாதிச் சண்டை இந்த இடத்திலேயே அடங்கிவிடும். பேசிக்கொண்டிருந்த இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசியிருப்பார்கள்.

அடுத்ததுதான் நோட்டின் உயிர். வரிக்குக் கீழே இரண்டு பேரும் ஆளுக்கொரு வாக்கியம் எழுத வேண்டும்: ‘எதைப் பார்த்தால் நான் தோற்றேன் என்று ஒத்துக்கொள்வேன்.’ ஜெயிப்பது எப்படி என்று எழுதச் சொன்னால் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தோற்பதை எழுதச் சொன்னால் பேனா நிற்கும். எழுத முடியாது என்று சொல்பவரோடு பந்தயம் கட்டவே கட்டாதீர்கள். அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டுத் தக்காளி விலையைப் பேசுங்கள். சோதனை முடிந்த பிறகு இந்த வாக்கியத்தைத் திருத்தக் கூடாது, அடிக்கவும் கூடாது. அதனால்தான் பென்சில் வைக்காமல் பால்பாயிண்ட் பேனா வைத்திருக்கிறேன்.

சார்ஜர் கேஸுக்கு வருகிறேன். இதற்குத் தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், உங்கள் வீட்டு ஈ.பி. மீட்டரே போதும். இப்போதைய டிஜிட்டல் மீட்டர்களில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டுச் சிமிட்டும். முகப்பில் 3200 என்றோ 1600 என்றோ ஒரு எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்று அர்த்தம். 3200 மீட்டர் என்றால் 75 வாட் சீலிங் ஃபேன் மட்டும் ஓடும்போது பதினைந்து வினாடிக்கு ஒருமுறை சிமிட்டும். கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் முப்பத்தேழு வினாடி சொச்சம். கணக்கு வேண்டுமானால்: 3200 மீட்டருக்கு 1,125-ஐ வாட்டால் வகுத்தால் வினாடி கிடைக்கும். பெட்டியைத் திறக்க வேண்டாம், ஒயரைத் தொட வேண்டாம். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு போனில் ஸ்டாப்வாட்ச் ஓட்டினால் போதும். புது ஃபேன் உண்மையிலேயே பாதி கரண்ட்தான் எடுக்கிறதா என்ற சண்டையையும் இதே விளக்கு பத்து நிமிடத்தில் முடித்து வைக்கும்.

மாமா வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூன்று சார்ஜரை மட்டும் மாட்டினோம். அரை மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தும் விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். கூட வந்த பாலிடெக்னிக் பையன்தான், ‘இல்லண்ணா, இது செல்லாது’ என்றான். மிகச் சிறிய கரண்டை மீட்டர் எண்ணாமலே விட்டுவிடுமாம். வேறு ஏதாவது ஓடும்போது சார்ஜர் கரண்டும் அதோடு சேர்ந்து எண்ணப்படலாமே என்றான். நியாயம்தான். அவன் சொன்னபடி ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஐந்தைப் போட்டோம். 45 வாட், இருபத்தைந்து வினாடிக்கு ஒரு சிமிட்டல். இனிமேல்தான் மாமாவின் கணக்கைப் போட வேண்டும். யூனிட் ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டால் மாதம் ஐம்பது ரூபாய்க்குப் பத்து யூனிட். அதற்கு இருபத்துநாலு மணி நேரமும் பதினாலு வாட் போய்க்கொண்டிருக்க வேண்டும். மாமா சொன்னது நிஜமானால் சார்ஜரை மாட்டியதும் இருபத்தைந்து வினாடி பத்தொன்பதாகக் குறைய வேண்டும். மாட்டினோம். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து. மாமா டீ வாங்கிக் கொடுத்தார். தோற்பதை அவரே தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்ததால் பேச்சு நீளவில்லை.

இதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அளப்பதற்கு முன்பே, ‘நீங்க சொல்றது நிஜம்னா இங்க எந்த நம்பர் தெரியணும்?’ என்று கேட்டுவிடுவேன். அந்த எண் நம் கருவிக்குப் பிடிபடாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் சோதனையைத் தொடங்கவே கூடாது. முதல் அரை மணி நேரம் நான் செய்தது அந்தத் தப்புதான்.

சட்டைச் சண்டை போட்ட பவர் பேங்கையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பெட்டியில் 10000 எம்.ஏ.எச்.; போனில் 5000 எம்.ஏ.எச். இரண்டு தடவை ஏற வேண்டும், ஒன்றரை தடவைதான் ஏறுகிறது, ஏமாற்றிவிட்டான் என்று ஒருவர். விற்றவர் சொந்தக்காரர், அதனால்தான் சட்டை வரை போயிற்று. எம்.ஏ.எச்.சை மட்டும் பார்த்தால் இந்தச் சண்டை முடியவே முடியாது; வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், அதனால் 37 வாட் மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது கொஞ்சம் சூடாகப் போகும். போன் உள்ளே மறுபடி மாற்றும்போது இன்னும் கொஞ்சம் போகும். போன் பேட்டரி சுமார் 19 வாட் மணி. வகுத்துப் பார்த்தால் ஒன்றரைதான் வரும். அதே பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று ஆறாயிரத்துச் சொச்சம் போட்டிருக்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பெரிய எண்ணை முன்பக்கம் போட்டார்கள், அவ்வளவுதான். அதுவே ஏமாற்று இல்லையா என்று கேட்டால், அதற்குத் தனி வரி எழுத வேண்டும்.

இனி சோதனை செய்கிறேன் என்று வருபவர்களிடம் எப்படி ஏமாறாமல் இருப்பது. எங்கள் பக்கத்துக்கு இது ரொம்பத் தேவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் பழுப்பேறிய, முட்டி வளைந்த பெரியவர்களை எங்கள் ஊர்களில் இன்றும் பார்க்கலாம். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். 2013-இல் தண்ணீர் வரத் தொடங்கியது. தண்ணீர் என்றாலே ஒரு பயம் எங்களுக்கு உண்டு, அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. அந்தப் பயத்தின் மேல்தான் ஃபில்டர் விற்பவர்கள் வந்து உட்காருகிறார்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு டை கட்டிய தம்பி ஒருவர் வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் ஃபில்டர் தண்ணீர். நாலு உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியை இரண்டிலும் இறக்கி ப்ளக்கில் மாட்டினார். ஒரு நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகி, மேலே அசிங்கமாக நுரை கட்டியது. அவருடையது தெளிவாகவே இருந்தது. ‘இதைத்தாம்மா தினம் குடிக்கிறீங்க’ என்றார். என் அம்மா முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து, ‘தம்பி, உங்க டம்ளர்ல இதைப் போட்டு இன்னொரு தடவை வைங்க’ என்றேன். நல்ல உப்பு, நாங்கள் தினம் சாப்பிடுவது. அவர் தயங்கினார். தெருவே நின்று பார்த்ததால் வைக்க வேண்டியதாயிற்று. அவருடைய தண்ணீர் எங்களுடையதைவிடக் கறுப்பாகப் போயிற்று. அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்புத் துரு. உப்புச்சத்து கரைந்த தண்ணீரில் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்பு கரையும். அவருடையது உப்பை எடுத்துவிடும் ஆர்.ஓ. ஃபில்டர். அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கரண்ட் அவ்வளவாகப் பாயவில்லை, கம்பியும் அவ்வளவாகக் கரையவில்லை. வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டால் ப்ளக் பக்கமே போகாதீர்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு இரும்பு ஆணி, உப்புத் தண்ணீர் போதும். கொஞ்ச நேரத்தில் நிறம் மாறும். முடிந்ததும் கீழே கொட்டிவிடுங்கள்.

சூத்திரம் இதுதான்: இரண்டு டம்ளருக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். அந்த வித்தியாசம் அவர் சொல்கிற வித்தியாசம்தானா என்று பார்க்க, நல்லது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்றை அதே சோதனையில் வையுங்கள். நல்லதும் கெட்டதாகத் தெரிந்தால் சோதனைதான் கெட்டது.

அவர் போன பிறகு தெருவில் அடுத்த பந்தயம் கிளம்பியது. டி.டி.எஸ். மீட்டர், பேனா மாதிரி இருக்குமே, அதை வைத்து ‘எங்க போர் தண்ணி 400, உங்களது 700’ என்று. அந்தப் பேனா அளப்பது கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும்தான். அதை ஓர் எண்ணால் பெருக்கி மொத்த உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஃபுளோரைடுக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. 400-இல் ஒன்றரை எங்கே தெரியும்? 400 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு மூன்று இருக்கலாம். 700 காட்டுவதில் அரைகூட இல்லாமல் இருக்கலாம். கொதிக்க வைத்தால் போய்விடும் என்ற பேச்சும் தப்பு. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அடியிலேயே தங்கி இன்னும் கெட்டிப்படும். இந்தப் பந்தயத்தை நோட்டில் முடிக்க முடியாது. சுத்தமான பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, ஃபுளோரைடு என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். எது பெஞ்சு வேலை, எது லேப் வேலை என்று பிரிப்பதும் இந்த வித்தையில் ஒரு பாகம்.

நான் தோற்ற கதையையும் சொல்லியாக வேண்டும். பத்து வருஷமாக வாடிக்கையாளர்களிடம், ‘ராத்திரி முழுக்க கரண்ட் ஏறிக்கிட்டே இருக்கும், பேட்டரி உப்பிடும்’ என்று சொல்லிவந்தேன். பாலிடெக்னிக் பையன் பிடித்துக்கொண்டான். ‘ராத்திரி ஒரு மணிக்கு மேல் கரண்ட் நின்றிருந்தால் நான் தோற்றேன்’ என்று நானே எழுதினேன். சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவில் மாட்டும் சின்ன யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்றை அவன் கொண்டுவந்தான். பத்து மணிக்கு மாட்டினோம். பன்னிரண்டுக்குள் நிரம்பிவிட்டது, அதற்குப் பிறகு மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம், எப்போதாவது ஒரு துளி. போனே நிறுத்திக்கொள்கிறது. சூடான இடத்தில், தலையணைக்கு அடியில், நூறு சதவீதத்திலேயே எப்போதும் வைத்திருந்தால் பேட்டரிக்கு வயசு சீக்கிரம் ஆகும் என்பது உண்மை. ஆனால் நான் எழுதியது அது இல்லையே. டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன்.

120 ஹெர்ட்ஸ் திரையிலும், அதாவது வினாடிக்கு 120 தடவை படம் மாறும் போன் திரையிலும் தோற்றேன். ‘அறுபதுக்கும் நூத்திருபதுக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, எல்லாம் விளம்பரம்’ என்றேன். கண்ணை மூடச் சொல்லி ஒருவன் செட்டிங்கை மாற்றுவான், காசு சுண்டிப் பார்த்து மாற்றுவான். நாம் திறந்து ஸ்க்ரோல் செய்து சொல்ல வேண்டும். பத்து தடவை. குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும்; ஒன்பதோ பத்தோ குருட்டாம்போக்கில் வருவது நூற்றில் ஒன்றுதான். டீக்கடைத் தம்பி பத்துக்குப் பத்து. நான் ஆறு. வித்தியாசம் இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் இல்லை.

இப்போது கேம். பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம் ஆடுவார்கள். ‘பாஸ்’ என்ற பெரிய எதிரியைக் கொன்றால் நூற்றில் ஒரு வாய்ப்பு, அபூர்வ வாள் விழும். ஒருவன் நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்திருந்தான். பன்னிரண்டு மணிக்கு முன்னால் 300 தடவை கொன்றதில் இரண்டு வாள். பன்னிரண்டுக்கு மேல் 300 தடவையில் ஐந்து. ‘பாத்தீங்களாண்ணா, ரெண்டு மடங்குக்கு மேல!’ என்றான். கணக்கு வைத்ததற்கே அவனுக்கு ஒரு டீ கொடுக்கலாம். ஆனால் சரியா?

மாமா மண்டியில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. நூறு கொட்டை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, ஒன்றுக்கு மட்டும் வெள்ளை நெயில் பாலிஷ் அடித்தோம். பார்க்காமல் ஒன்று எடு, குறித்துக்கொள், திரும்பப் போட்டுக் குலுக்கு. ஐந்து பேர், ஆளுக்கு நூறு தடவை. ‘நூத்துல ஒண்ணுன்னா நூறு தடவைக்குள்ள கண்டிப்பா வரணும்ல’ என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தது: பூஜ்யம், இரண்டு, பூஜ்யம், ஒன்று, ஒன்று. கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. 0.99-ஐ நூறு தடவை பெருக்கினால் 0.37, நூறு பேர் நூறு நூறு தடவை எடுத்தால் முப்பத்தேழு பேர் வெறுங்கையோடு போவார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைக்க வேண்டுமானால் ஆளுக்கு 230 தடவை எடுக்க வேண்டும்.

பிறகு அந்தப் பையனையே அதே டப்பாவில், பட்டப்பகலில், 300 தடவை எடுத்துவிட்டு மறுபடி 300 எடுக்கச் சொன்னேன். முதல் சுற்றில் ஆறு, அடுத்த சுற்றில் ஒன்று. டப்பாவுக்கு நடுராத்திரி ஏது? அவன் வாயே திறக்கவில்லை. நூற்றுக்கு ஒன்றா, நூற்றுக்கு இரண்டா என்ற வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் தலா 2,300 தடவையாவது எண்ண வேண்டும். அரிதான விஷயத்தைப் பற்றிப் பந்தயம் கட்டும்போது எத்தனை தடவை எண்ணப் போகிறோம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தனக்குச் சாதகமான இடத்தில் ஒருவர் நிறுத்திவிடுவார்.

‘எண்பது தடவை வரலை, அதனால இப்ப வரணும்’ என்று இன்னொருவன். புளியங்கொட்டைக்கு ஞாபகம் கிடையாது என்று சொல்லி முடிக்கப் பார்த்தேன். அவன் விடவில்லை, ஜென்ஷின் இம்பாக்ட்டைத் திறந்து விதியைக் காட்டினான். அந்த கேமில் ஐந்து நட்சத்திரப் பாத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், ஆனால் 89 தடவை வராவிட்டால் தொண்ணூறாவது தடவை கட்டாயம் வரும். பையன்கள் ‘பிட்டி’ என்கிறார்கள். அந்த டப்பாவுக்கு ஞாபகம் உண்டு! ஆகவே எந்த கேம் என்று தெரியாமல் இந்தப் பந்தயத்தை எழுதக் கூடாது. விதிப் பக்கத்தைப் படித்த பிறகுதான் வாதம்.

விதிப் பக்கத்தையே நம்பலாமா என்றால், அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. மேப்பிள்ஸ்டோரி என்ற ரோல்-பிளேயிங் கேமில் பொருளை மேம்படுத்தும் ‘கியூப்’ என்று ஒன்றைக் காசுக்கு விற்றார்கள். சில நல்ல சேர்க்கைகள் வரும் வாய்ப்பைக் குறைத்துவிட்டும், சிலவற்றை வரவே வராதபடி செய்துவிட்டும் ஆடுபவர்களிடம் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் தென் கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் அந்த கேமை நடத்தும் நெக்சான் நிறுவனத்துக்கு 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. அதே வருஷம் மார்ச்சிலிருந்து அந்த நாட்டில் வாய்ப்புச் சதவீதத்தை வெளிப்படையாகச் சொல்வது சட்டம். ‘கேம்காரன் ஏதோ செய்யறான்’ என்று புலம்பியவர்கள் அங்கே ஜெயித்தார்கள். ஆகையால் பையன்களின் சந்தேகத்தை நான் சிரித்துத் தள்ளுவதில்லை, எண்ணச் சொல்கிறேன். அப்பா பாலக்கோட்டில் தக்காளி விலை போகாமல் கிரேட் கிரேட்டாக ரோட்டோரம் கொட்டிய வாரத்தில், மகன் அப்பா போனிலிருந்து ஜிபே போட்டு வாள் இழுத்த சங்கதியும் என் பெஞ்சில் நடந்திருக்கிறது. அதற்கு நோட்டில் இடமில்லை. அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நானே சொல்ல வேண்டியிருந்தது.

பிங் சண்டை சீக்கிரம் முடியும், ஒரு சின்னக் கணக்கு போதும். பிங் என்பது கேம் சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பி வரும் நேரம், மில்லி வினாடியில். ‘இந்த போன் வாங்கினா சிங்கப்பூர் சர்வர்ல பிங் அஞ்சு வரும்’ என்றான் ஒருவன். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கு அடியில் போகும் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய் வர 32 மில்லி வினாடி. இதற்குக் கீழே எந்த போனாலும் இறங்க முடியாது; பென்னாகரத்திலிருந்து சென்னைக்குப் போகும் நேரம் தனி. எண்ணிப் பார்க்கும் முன் இயற்கையின் தரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரைக்குக் கீழே யாராவது வாக்குறுதி கொடுத்தால் பந்தயத்தைப் பெரிதாகவே கட்டலாம்.

டவர் சண்டை அப்படி முடியாது. 2022 அக்டோபரில் நாட்டில் 5ஜி தொடங்கியதிலிருந்து மாதம் ஒருமுறையாவது வரும். புற்றுநோய் வருமா என்பதைப் பெஞ்சில் உட்கார்ந்து அளக்க முடியாது, அளந்ததாக நடிக்கவும் கூடாது. துண்டு துண்டாக உடைத்து, அளக்க முடிகிற துண்டை மட்டும் எடுக்கலாம். எங்கள் தெருக்காரர் ஒருவர் டவரை எடுக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்: உங்கள் தலைக்குப் பக்கத்தில் இருப்பது டவரா, போனா? போன் செட்டிங்கில் சிக்னல் அளவு டி.பி.எம். என்று காட்டும். டவர் பக்கத்தில் -70. ஒகேனக்கல் காட்டுப் பாதையில் -110. அந்த நாற்பது வித்தியாசம் என்பது பத்தாயிரம் மடங்கு. சிக்னல் இளைத்தால் போன் டவருக்குக் கேட்க வேண்டி அதிகச் சக்தியில் கத்தும், அதுவும் உங்கள் காதுக்குப் பக்கத்திலேயே. டவரைத் தூரத்தில் அனுப்பினால் போன் இன்னும் கத்தும். இவ்வளவுதான் என்னால் காட்ட முடிந்தது. 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலையை ‘2பி’, அதாவது ‘இருக்கலாம்’ என்ற பட்டியலில் போட்டது என்று அவர் சொன்னது சரி. அதே பட்டியலில் சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது என்று நான் சொன்னதும் சரி. மனு போனதா என்று நான் கேட்கவில்லை.

அளக்கவே முடியாத மாதிரி தெரியும் வரியிலும் ‘எப்பவும்’, ‘ஒருத்தருமே’, ‘ஒரு நாளும்’ என்ற சொற்களைத் தேடுங்கள். அங்கேதான் ஓட்டை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், ‘கேம் ஆடுறது வீண் வேலை’ என்றார். வீண் என்பதை எப்படி அளப்பது? ஆனால் கூடவே, ‘உலகத்துல ஒரு விஞ்ஞானிகூட இதைத் திரும்பிப் பாக்கமாட்டான்’ என்று சேர்த்துவிட்டார். ஒரே ஒருவர் போதும். 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் ஒரு பாஸ் போடும் ரத்த சாபம் தப்பித்து வெளியே பரவி, நகரம் நகரமாக ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் செத்து விழுந்தன. சிலர் ஓடினார்கள், சிலர் குணப்படுத்தப் போனார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். நோய்ப் பரவலில் மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்று பார்க்க இது உதவும் என்று 2007-இல் லோஃப்கிரென், ஃபெஃபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் எழுதினார்கள். வாத்தியார் படித்துப் பார்த்துவிட்டு, ‘சரிப்பா, அந்த ரெண்டாவது வரியில தோத்தேன். முதல் வரியில இல்ல’ என்றார். சரியான பேச்சு. நோட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

தோற்றவரை எப்படி நடத்துவது என்பதில் நான் கண்டிப்பு. டீ வாங்கின பிறகு அந்தப் பக்கத்தை யாரும் மறுநாள் திறந்து காட்டிக் கிண்டல் செய்யக் கூடாது. செய்தால் அடுத்த தடவை யாரும் தோற்பதை எழுத மாட்டார்கள். பெரியவர்களை நாலு பேர் முன்னால் தோற்க வைக்காமல் கடை சாத்தும் நேரத்தில் சோதனையை வைப்பேன். பந்தயம் டீயைத் தாண்டக் கூடாது. ஒருமுறை ஐந்நூறு ரூபாய் வரை போய், ஸ்டாப்வாட்ச் பிடித்தவன் மேலேயே பழி வந்துவிட்டது.

இந்த வாரம் திறந்திருக்கும் பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், போகும்போது நல்ல இறக்கம். ‘இறங்கும்போது மிச்சமாவது ஏறும்போது போற செலவைக் கட்டிடும், மொத்தத்துல சமதரை மாதிரிதான்’ என்று பாலிடெக்னிக் பையன். ‘ஏத்தத்துல குடிச்சிரும்டா’ என்று மாமா. தருமபுரி ரோட்டில் ஓரளவு சமமான பதினைந்து கிலோமீட்டர் போய் வந்து ஒரு கணக்கு, ஒகேனக்கல் போய் வந்து ஒரு கணக்கு. ஓட்டுவது இரண்டிலும் நான்தான், எடை மாறக் கூடாது என்பதற்காக. டயர் காற்று அன்று காலையில் பிடித்தாயிற்று, வேகம் நாற்பது, இரண்டு தடவையும் நூறு சதவீதத்தில் கிளம்ப வேண்டும். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் மாமா தோற்றார், அதற்கு மேல் போனால் பையன் தோற்றான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. டீ போதாது என்று இந்த ஒருமுறை மட்டும் மீன் வறுவலுக்குச் சம்மதித்திருக்கிறேன். அதைத் திரும்பி ஏறி வந்த பிறகுதான் சாப்பிட வேண்டும், எடை மாறிவிடும் என்கிறான் பையன்.